சேமப்பெட்டியும் அதன் உள்நிரலும்

அச்செழுத்தைத் தன் தேவைக்கேற்பத் தானே வார்த்துக்கொண்ட ஊர் நம் தரங்கம்பாடி. 1706-ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர் கூட்டத்தார்க்கு, 1713-இல் ஜெர்மானிய நாட்டு ஹாலே நகரினின்று தமிழெழுத்துக்கள் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியன. அவற்றைக்கொண்டே புதிய ஏற்பாடு முழுதும் அச்சிடப் புகின் தாள் போதாது. எழுத்தனுப்பினவர்க்குக் கடிதம் விடுத்து, மறுகப்பல் வருமளவும் வாளாவிராது, இங்கிருந்தோரே ஈயத்தை உருக்கிச் சிற்றெழுத்து வார்த்து, 1715-இல் அத்திருப்பணியை முடித்தனர். பாலடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தகடும் அவ்வுலையிற் புகுந்ததென்பர்.

இவ்வரலாற்றை ஈண்டு எடுத்தது, இந்நாளைய சிறு கருவியொன்றைக் குறித்து என் கருத்தைக் கூறற்பொருட்டு. வீட்டு ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்து மூலையில் வைத்துவிடும் சேமப்பெட்டியை அன்பர் பலர் அறிவர். 'நாஸ்' என்பது அதன் வழக்குப்பெயர். அதனுள்ளே ஒரு ஹார்டு டிஸ்க்கும், அதனை ஆளும் சிறு கணினியும் உள. அக்கணினி செய்வன யாவும் 'ஃபர்ம்வேர்' எனப்படும் உள்நிரலின் ஆணைவழியே நடப்பன. மன்றல் நாட் படங்களும், ஞானஸ்நானச் சான்றின் நகல்களும், பாட்டனார் பாடிய கீர்த்தனைகளின் ஒலிப்பதிவும், ஒரோவழி ஏட்டுச்சுவடிகளின் நிழற்படங்களும் அப்பெட்டியில் வைக்கப்படுகின்றன. பெட்டி திண்ணிதாயிருப்பவும் அதன் உள்நிரலைச் செய்தோர் சில்லாண்டிற் கைவிடுவது உண்டு. அங்ஙனம் கைவிடப்பட்டதனை நீக்கி, அறிந்தோர் பலர் கூடிப் பொதுவில் வளர்த்துவரும் வேறோர் உள்நிரலைப் பொருத்திக்கொள்ளுதல் உடையவன் கடன் என்பதே என் துணிபு.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தாரின் 'மை புக் லைவ்' என்னும் பெட்டிக்கு நேர்ந்ததை நோக்குக. 2015-க்குப் பின் அதன் உள்நிரல் புதுக்கப்படவில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதனை இணையத்தோடு பிணைத்திருந்தோர் பலர் ஒருநாள் திறந்து பார்க்க, பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. புறத்தே நின்று புகுந்தோர் அழிப்பாணை இட்டுவிட்டனர். ஆராய்ந்தவழி ஒரு வியப்பு வெளிப்பட்டது: பெட்டியைத் தொடக்கநிலைக்குத் திருப்புமுன் கடவுச்சொல் கேட்கும் வரிகள் நிரலில் எழுதப்பட்டே இருந்தன, ஆயின் அவை செயற்படாதவாறு குறியிட்டு அடைக்கப்பட்டிருந்தன. வாயிற்கு ஒரு காவலனை அமர்த்தி, அவனையே உறங்கப் பணித்தாற்போலும்! நிறுவனத்தார் பெட்டியை இணையத்தினின்று கழற்றுமாறு அறிவித்தனர். பின்னர்த் தரவு மீட்டற்கு உதவியும், மாற்றுப்பெட்டி வாங்கச் சலுகையும் அளித்தனர். அது செய்தமை நன்றே. எனினும் பழுதுற்றது தட்டன்று, மின்சுற்றன்று. உள்நிரலே என்பது கருதத்தக்கது.

அப்பெட்டிக்கு வேறு வழி இருந்தது. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தாரின் ரவுட்டரொன்றனுள் லினக்ஸ் நிரல் இருப்பது தெரியவர, அதன் உரிமவிதிக்கு உட்பட்டு மூலநிரல் வெளியிடப்பட்டது. அதனை வித்தாகக் கொண்டு 2004-இல் முளைத்ததே 'ஓப்பன்வர்ட்' என்னும் பொது உள்நிரல். மை புக் லைவுக்கென அதன் வடிவமொன்று வெளியாகியுள்ளது.

'உள்நிரலை மாற்றப் புகின் கருவி செங்கல்லாய்விடும். புதியது வாங்குவதே அறிவுடைமை' என்பார் உளர். செங்கல் என்பது வீண் அச்சமன்று. மாதிரி எண்ணில் ஓரெழுத்து மாறினும் பொருந்தாத கோப்பை ஏற்றிவிடுதல் கூடும். நடுவே மின்சாரம் நின்றாலும் கேடே. ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரையூர்களில் அது எப்பொழுது நிற்குமென யாரே அறிவர்? மேற்சொன்ன பெட்டியிலோ இன்னுமொரு சிக்கல் உண்டு. அதன் உள்நிரல் பெரும்பாலும் தட்டிலேயே உறைவது. ஆதலிற் புதியதை எழுதுவதற்குத் தட்டையே கழற்றவேண்டும். கழற்றியபின் அதனை நம் கணினியில் மாட்டிப் படித்துக்கொள்ளலாமென எண்ணுவோர் ஏமாறுவர். நம் கணினிகள் 4 கிலோபைட் துண்டுகளாகத் தட்டைப் பகுத்துப் பழகியவை. அப்பெட்டியோ 64 கிலோபைட் துண்டுகளாகப் பகுத்து வைத்திருக்கும். தனிப்பட்ட கருவிநிரல் இன்றேல் உடையவன் எழுத்தே உடையவனுக்குப் புலப்படாது! ஆகவே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அனைத்தையும் வேறிடத்துப் படியெடுத்துக்கொண்டு, அப்படி திறக்கின்றதா என்று பார்த்த பின்னரே திருப்புளியைத் தொடுக.

புதியது வாங்குக என்பார்க்கு யான் சொல்லுவது ஒன்றே. புதியதும் ஒருநாட் கைவிடப்படும். அன்று மீண்டும் இவ்விடத்தே வந்து நிற்பீர். பொருளுடையார்க்கு அது கூடும். ஏட்டுச்சுவடி காத்த நம் முன்னோர், ஓலை நொறுங்கத் தொடங்குமுன் புத்தோலையிற் பெயர்த்தெழுதினர். அதற்கு எழுத்தாணி பிடிக்கும் கை வேண்டுமேயன்றி, ஓலை விற்றவன் இசைவு வேண்டப்படவில்லை. தமிழ் பயில்வார்க்கு மற்றுமொரு பயன் உண்டு: சில பழைய பெட்டிகள் தமிழிற் கோப்புப் பெயரிட்டால் அதனை வினாக்குறி வரிசையாக்கிக் காட்டும், யூனிகோடு அறிந்த புது உள்நிரலில் அத்தொல்லை இல்லை.

எல்லாப் பெட்டிக்கும் மாற்று உள்நிரல் கிடைத்துவிடாது. கிடையாதவற்றை இணையத்தோடு பிணையாது வீட்டளவில் வைத்துக்கொள்வதே தக்கது. மாற்றியோரும் பொது உள்நிரலின் புதுப்பதிப்பு வருந்தோறும் ஏற்றிக்கொள்ளவேண்டும். இன்னுமொன்று: வீட்டில் ஒருவரே இவ்வேலையை அறிந்திருப்பாராயின், அவர் வெளியூர் சென்றகாலைப் பெட்டி மீண்டும் கைவிடப்பட்டதாம். எவ்வுள்நிரல், எப்பதிப்பு, என்று ஏற்றியது, படி எங்குளது என்னும் நான்கையும் நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவைக்க.