ஒன்றரை மீட்டர் என்று நான் சொன்னது

"ஏம்மா, காலையில ரேடியோவுல ஒன்றரை மீட்டர்னு சொன்னது நீதானே?"

ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியை எடுத்ததும் மாமா நலம்கூட விசாரிக்கவில்லை. நேராகக் கேள்விதான். குரலில் கோபம் இருந்தது. கூடவே கொஞ்சம் நடுக்கமும் இருந்தது.

மாமா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி பால்மரம் வெட்டி வளர்த்த பிள்ளை. லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு தூண்டில் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, தோட்டத்து நண்பர்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டு உம்பாய்ப் பக்கம் போய், சிறிய படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து மலாக்கா நீரிணைக்குள் போய்விடுவார். அன்றும் போயிருக்கிறார். போகும் வழியில் காடியில் என் வானிலைச் செய்தியைக் கேட்டிருக்கிறார். ஒன்றரை மீட்டர் என்றால் நெஞ்சளவு, சமாளித்துக்கொள்ளலாம் என்று நால்வரும் கிளம்பிவிட்டார்கள்.

"பத்து மணி வாக்குல ஒண்ணு வந்துச்சும்மா. ஒன்றரையா அது? வீட்டுக் கதவைவிட உசரம்! படகுல பாதி தண்ணி. ஒருத்தரு கடல்ல விழுந்துட்டாரு. ஏதோ கடவுள் புண்ணியம், கயிறைப் போட்டு இழுத்துட்டோம். அளந்து பார்க்காத கணக்கையா நீ வாசிக்கிறே?"

எனக்குப் பதில் வரவில்லை. பத்து வருடங்களாக அந்த எண்ணை வாசிக்கிறேன். இரண்டு விநாடி வேலை. வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். அதன் பொருள் என்ன, கடலில் அலையை யார், எதை வைத்து அளக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க அதைத்தான் தேடிப் படித்தேன்.

அலையை அளப்பது சுலபமில்லை. கரையில் ஒரு கம்பத்தை நட்டுக் கோடு போட்டுப் பார்க்கலாம். நடுக்கடலில் எதில் நின்று அளப்பது? நிற்கும் படகே அலையோடு ஏறி இறங்குகிறதே! இதற்கு விடைதான் நங்கூரமிட்ட மிதவை. நெதர்லாந்தின் டேட்டாவெல் நிறுவனம் செய்யும் 'வேவ்ரைடர்' மிதவை உலகெங்கும் பயன்படுகிறது. மஞ்சள் நிறப் பந்து. குறுக்களவு 90 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்.

உள்ளே இருக்கும் முக்கியமான பொருள் முடுக்கமானி. உங்கள் கைப்பேசியைச் சாய்த்தால் திரை தானாகத் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்வதும் ஒரு குட்டி முடுக்கமானிதான். லிஃப்ட் மேலே கிளம்பும் நொடியில் உடம்பு கனப்பதுபோல் உணர்கிறோம், இறங்கத் தொடங்கும்போது லேசாகிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று தெரிகிறது அல்லவா? மிதவையும் அப்படித்தான் உணர்கிறது. அந்த உணர்விலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து எவ்வளவு உயரம் ஏறி இறங்கியது என்பதையும் கணக்கிடுகிறார்கள்.

கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இறுக்கிக் கட்டினால் பெரிய அலை வரும்போது கயிறு மிதவையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். அலை உண்மையைவிடச் சிறியதாகப் பதிவாகும். கட்டாமல் விட்டாலோ மிதவை எங்கோ போய்விடும். அதனால் கடலடியில் கிடக்கும் கனமான எடைக்கும் மிதவைக்கும் இடையே, இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு ஒன்றைச் சேர்க்கிறார்கள். ரப்பர் என்று படித்ததும் எனக்குப் பாட்டியின் பால்வாளிதான் ஞாபகத்துக்கு வந்தது.

மாமாவின் கேள்விக்கான பதிலும் பால்மரத்துக் கணக்கில்தான் கிடைத்தது. மிதவை சுமார் அரை மணி நேரம் அலைகளைப் பதிவு செய்யும். சிறிசும் பெரிசுமாக நூற்றுக்கணக்கான அலைகள். அவற்றுக்கு ஒரே எண் எப்படிச் சொல்வது? தோட்டத்தில் முப்பது பேர் பால் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று அதிகமாகப் பால் எடுத்த பத்துப் பேரை மட்டும் தனியே நிறுத்தி, அவர்கள் எடுத்த பாலின் சராசரியைச் சொன்னால் எப்படி? அலைக்கும் இதே முறைதான். உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியே 'குறிப்பிடத்தக்க அலை உயரம்'. இரண்டாம் உலகப் போரின்போது, படைகள் கரையிறங்க ஏற்ற நாளை முன்கூட்டிச் சொல்வதற்காக ஸ்வெர்ட்ரப், மன்க் என்ற இரு அறிஞர்கள் செய்த ஆய்வில் பிறந்த அளவு இது. இன்றைய மிதவைகள் வேறு கணித வழியில் இதை அடைந்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். கணினி முன்கூட்டிக் கணித்துத் தரும் அலை உயரமும் இதே அளவில்தான் வருகிறது. அந்தக் கணிப்பு சரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் மிதவைகளின் பதிவோடுதான்.

இப்போது யோசியுங்கள். அந்தப் பத்துப் பேரில் முதலிடம் பிடித்தவர் எடுத்த பால், சராசரியைவிட அதிகமாகத்தானே இருக்கும்? அலை ஐந்து விநாடிக்கு ஒன்று வந்தால் ஒரு மணி நேரத்தில் 720 அலைகள். ஒன்றரை மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆயிரம் அலைகளில் மிகப் பெரியது, வாசிக்கப்படும் எண்ணைப்போல் கிட்டத்தட்ட 1.86 மடங்கு இருக்கும் என்பது கணக்கு. ஒன்றரை மீட்டரை அதால் பெருக்கிப் பாருங்கள்: இரண்டே முக்கால் மீட்டர்! மாமா சொன்ன கதவைவிட உயரமான அலை அதுதான். நான் வாசித்த எண் பொய்யில்லை. ஆனால் நான் சொன்னது சராசரி. மாமா கேட்டதோ உச்சவரம்பு.

இதே எண்ணைச் சரியான முறையில் மக்களிடம் கொண்டுசேர்த்த ஊர் ஒன்று உண்டு. நம் தாத்தாமார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்களே, அதே வங்கக் கடலோரம், புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டின மையத்தில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மீனவர்கள் அதைக் கேட்டு முடிவெடுத்தார்கள். பக்கத்து நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அப்படியோர் ஒலிபெருக்கிதான் ஊரைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட, ஊரே கரையைவிட்டு ஓடித் தப்பியது.

இன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலிலேயே அலை அளக்கும் மிதவை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அதைப் பராமரித்து, மீனவர்களுக்கு அலை முன்னறிவிப்பு தருகிறது. ஆழ்கடல் மிதவைகளைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கவனித்துக்கொள்கிறது.

இதில் வேதனையான ஒரு சங்கதியும் உண்டு. மிதக்கும் பொருளின் நிழலில் மீன்கள் கூடும். மீனைத் தேடி வரும் படகுகள் மிதவையிலேயே கட்டிப் போடப்படுகின்றன. நங்கூரக் கயிறு அறுகிறது. சிலர் சூரியசக்தித் தகடுகளையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். உலகின் பல கடல்களில் நடப்பதுதான் இது. அன்றைக்குக் கிடைத்த நாலு கிலோ மீனுக்காக, நாளை தன்னையே எச்சரிக்க வேண்டிய கருவியை ஒருவர் ஊமையாக்கிவிடுகிறார். இதைச் சொன்னதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மிதவையைப் பார்த்தா நாங்களும் அங்கதாம்மா தூண்டில் போடுவோம்" என்றார்.

பள்ளி விடுமுறை வந்தால் தஞ்சோங் பிடாராவுக்கும் புலாவ் பெசாருக்கும் குடும்பத்தோடு கிளம்பும் வாசகர்களுக்கு மூன்று வார்த்தைகள்.

ஒன்று, வானிலைச் செய்தியில் வரும் அலை உயரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த அளவு அலை ஒன்று வந்தால் உங்கள் படகு தாங்குமா, உங்கள் பிள்ளை தாங்குவானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, நீரிணையில் 'சுமத்ரா' என்ற புயற்காற்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே மேற்கிலிருந்து கருமேகத்தோடு வரும். ஓரிரு மணி நேரம்தான். அதற்குள் கடலின் முகமே மாறிவிடும். மேற்கு வானம் கறுத்தால் எண்ணை மறந்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள்.

மூன்று, உயிர்காப்பு அங்கியைப் படகின் அடியில் போட்டு வைக்காதீர்கள். உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போது அலை உயரத்தை வாசித்த பிறகு, "இது சராசரி, இதைப்போல் இரு மடங்கு உயர அலையும் இடையில் வரலாம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். நான்கு விநாடி கூடுதலாகிறது. பாடல் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கட்டும்.

போன வாரம் மாமா மறுபடி அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதாக இருந்தாராம்.

"ஒன்றேகால்னு சொன்னே. ரெண்டால பெருக்கினேன்" என்றார்.

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்ன, சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்துட்டேன்."