குளிர் காயவா சிகரெட்?

பால்மரக் காட்டில் கொசு விரட்ட, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் குளிர் காய! சிகரெட்டுக்கு நம்மவர் சொல்லும் சாக்குகள் இவை. உண்மையில் நிக்கோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும். கொழுந்தெடுக்கும் விரல் மேலும் சில்லிடும்.

மலேசியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் புகைப்பவர் 2015-இல் நூற்றுக்கு 22.8, 2023-இல் 19. இடையில், 2019 ஜனவரியில், சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. நல்லதே. ஆனால் அபராதத்துக்கு அஞ்சுபவன் மறைவிடம் தேடுவான். விலைக்கு அஞ்சுபவன் கள்ளச் சிகரெட் தேடுவான். சம்பளத்தன்று கணக்குக் கேட்கும் மனைவியும், இரவில் இருமும் பிள்ளையுமே அவனை விடவைப்பார்கள் என்பது நம் கருத்து.

விட்ட முதல் சில நாள்களே கடினம். அரசாங்க கிளினிக்குகளில் அதற்கு உதவி உண்டு. மலைத்தோட்டத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமா? சம்பளம் பிடிக்காத அரைநாள் விடுப்பை நிர்வாகங்களிடம் கேட்கிறோம்.