எண்ணெய் இறங்கும் வழி

திருக்கழுக்குன்றத்து மலைக்கு வரும் கழுகுகள் வருவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆயினும் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையடிவாரத்தில் நின்று நானும் என் நண்பரும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தோம். கழுகைத் தேடி அல்ல. நண்பருடைய மோட்டாரிலிருந்து கிளம்பிய நீலப் புகை எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தோம்!

நண்பர் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். யாரிடமோ இருந்து வாங்கிய பழைய டீஸல் வண்டி. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழியிலேயே பின்னால் வந்தவர்கள் எங்களைச் சபிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தப் புகைக்காக அவர் ஏற்கெனவே இரண்டு முறை 'டர்போ'வை மாற்றியிருந்தார். மகளின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று சேர்த்த பணம் அதில் கரைந்துவிட்டது. மூன்றாவதற்கு அவரிடம் வழியில்லை.

டர்போ நம் ஜில்லாவுக்குப் புதிய சரக்கல்ல. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் செய்யப்பட்டு 2013-ல் விற்பனைக்கு வந்த எக்கோஸ்போர்ட் வண்டியிலேயே ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் ஒன்று உண்டு. (2022-ல் அங்கே கார் செய்வது நின்றுபோயிற்று.) ஆல்பிரட் பூக்கி என்னும் ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினியர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் யோசனை. அந்த அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்.

எண்ணெயை மேலே அனுப்ப எஞ்சினின் பம்பு இருக்கிறது. ஆகையால் மெல்லிய குழாய் போதும். திரும்பி வரும் எண்ணெய்க்கோ தள்ளுவார் எவருமில்லை. தன் பாரத்தாலேயே கீழே இறங்க வேண்டும். அதுவும் காற்றோடு கலந்து, கடைந்த மோர்போல நுரைத்து வருகிறது. எனவே இறங்கு குழாய் ஏறு குழாயைவிடப் பன்மடங்கு அகலமாக இருக்க வேண்டும். கூடியவரை செங்குத்தாக, 35 டிகிரிக்கு மேல் சாயாமல் இறங்க வேண்டும். சேம்பரில் நிற்கும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். டர்போவே அந்த மட்டத்துக்கு அருகில் தாழ்ந்திருந்தால் எண்ணெயை உறிஞ்சி எடுக்கத் தனிப் பம்பு வேண்டும்.

நம் ஊர் ஏரிகளைக் கண்டவர்களுக்கு இது விளங்காமற் போகாது. கலங்கலை அடைத்துவிட்டுக் கரை உடைந்ததென்று கரையைத் திட்டுவார் உண்டா? டர்போ விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம். அச்சின் இரு முனையிலும் இருப்பவை ரப்பர் அடைப்புகள் அல்ல, மெல்லிய உலோக வளையங்கள். எண்ணெய் தேங்கினால் அவற்றைத் தாண்டிப் புகைப் பாதையில் விழுந்து எரிகிறது.

அடிவாரத்துக்கு அருகே ஒரு சிறு பட்டறை. அதிலிருந்த பெரியவர் வந்து, எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். சீறிக்கொண்டு காற்று வரவில்லை. வந்திருந்தால் சேம்பருக்குள் இருக்கும் அழுத்தமே எண்ணெயை இறங்க விடாமல் தடுத்திருக்கும். பிறகு எஞ்சினை நிறுத்தி, டார்ச்சு விளக்குடன் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"ஸார், இந்த ஹோஸை யார் போட்டது?" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

நண்பருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பு எண்ணெய் சொட்டுகிறதென்று, உரிய உலோகக் குழாயை எறிந்துவிட்டு ஒருவர் ரப்பர்க் குழாய் மாட்டியிருந்தார். புகை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு சாண் தேவைப்படும் இடத்தில் ஒன்றரைச் சாண் குழாய்! அது ஊஞ்சல் கயிறுபோலத் தொங்கி, மறுபடி மேலேறிச் சேம்பரில் சேர்ந்தது. தொங்கிய வயிற்றில் எண்ணெய் நின்றது.

பெரியவர் மிகுதியை வெட்டி நேராக மாட்டினார். "இது தண்ணீர் ஹோஸ், ஸார். எண்ணெயில் ஊறி உப்பிவிடும். நாளைக்கே உரிய குழாயைப் போட்டுவிடுங்கள்" என்றார். கூலி 300 ரூபாய். நண்பர் 500 கொடுத்தார். அவர் மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

புகை உடனே நிற்கவில்லை. குழாய்களில் படிந்திருந்த எண்ணெய் எரிந்து தீர வேண்டுமே! மாமல்லபுரம் கடற்கரைக் காற்று முகத்தில் படும்போதுதான் நின்றது.

மறுநாள் மாலை நண்பர் வீட்டுக்குப் போனேன். உலோகக் குழாய் வாங்கிப் போட்டாகிவிட்டது. கழற்றிப்போட்ட இரண்டு டர்போக்களும் திண்ணையில் கிடந்தன. ஒன்றின் அச்சை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. சுழற்றினார்; சத்தமின்றிச் சுழன்றது. மற்றதை எடுத்தார். அதுவும் அப்படியே. மனைவியின் காதில் விழாதபடி மெதுவாக இரண்டையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினார்.