ஒரு கோவை, மூன்று கந்தோர்

முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய் ஓய்வு பெறுகிறார். சேமலாப நிதிப் பதிவில் அவர் 'ராமாயி', அடையாள அட்டையில் 'இராமாய்'. பிறப்பத்தாட்சிப் பத்திரம் கிடையாது. பெயரைத் திருத்தக் கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்துக்கும், தொழில் அலுவலகத்துக்கும் மாறிமாறி நடக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் பஸ் காசு. பிள்ளைகள் யாரும் தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் லயன் காம்பிராவும் கேள்விக்குறிதான். இப்படி ஒருவர் இல்லாத டிவிஷன் எது?

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் முப்பது வருடத்துக்கு 567,000 ரூபா. சிறு தொகையல்ல. ஆனால் அந்தக் காம்பிரா ஏன் அவர் பெயரில் இல்லை என்று கேட்டால் பதில் அரசியலில் இருக்கிறது: காணி அரசுடையது, 1992 முதல் நடத்துவது கம்பனிகள். வயதான காலத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய கொடுப்பனவுகளோ அரச நலன்புரிப் பகுதியின் கையில். சட்டத்தரணி வழக்கைப் பார்க்கிறார், அரசியல்வாதி வாக்கைப் பார்க்கிறார், உத்தியோகத்தர் படிவத்தைப் பார்க்கிறார். அந்தத் தாயை முழுசாகப் பார்க்க ஆளில்லை.

அதனால்தான் சட்டம், அரசியல், சமூகப்பணி மூன்றையும் சேர்த்துப் படித்த பட்டதாரிகள் நமக்குத் தேவை என்கிறோம். பட்டம் முடித்த நம் பிள்ளைகளில் பலர் ஆசிரியர்களாகிறார்கள். அது பெருமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சிலராவது அடுத்த படிக்கு வர வேண்டும். அரசறிவியல் படித்தவர் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி படிக்கலாம். சட்டம் படித்தவர் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி முதுமாணிக்கு முயலலாம்.

இது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை நினைத்துப் பாருங்கள். 1987 முதல் தோட்டப் பாதைக்கும் தண்ணீருக்கும் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது அந்த ஒரு பிரிவு. நம்மிடம் வாக்கு வாங்கிய உறுப்பினர்களே அதைக் காட்டிக் கையை விரித்தார்கள். 2018இல்தான் திருத்தம் வந்தது. சட்ட வாசகத்தைப் படித்து, அதை அரசியல் கோரிக்கையாக்கி, பிறகு அந்தச் சேவை லயத்து வாசலுக்கு வருகிறதா என்று பின்தொடர்வது ஒரே வேலையின் மூன்று பாகம். மூன்றாவது பாகம் இன்னும் முடியவில்லை.

சம்பளத்திலும் அதே கதைதான். 2024 மே தினத்தில் 1,700 என்றார்கள், கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது 1,350 அடிப்படைச் சம்பளம். மேடையில் கேட்ட கைதட்டல் நீதிமன்றத்தில் செல்லாது. வேலைநீக்கம் செய்யப்பட்ட அங்கத்தவருக்காகத் தொழில் நியாய சபையில் சங்கமே மனுச் செய்யலாம். ஆனால் ஆறு மாதம் கடந்துவிட்டால் கதவு மூடிவிடும். இதை நாட்காட்டியில் குறித்து வைக்கும் ஒருவர் மாவட்டக் காரியாலயத்தில் இருந்தால் எத்தனை குடும்பம் தப்பும்!

தடை எதுவென்று எல்லோருக்கும் தெரியும். கட்டணம், கொழும்பில் அறை வாடகை, ஆங்கிலம். பெண் பிள்ளை என்றால் "படித்தது போதும், கலியாணத்தைப் பார்" என்ற பேச்சு வேறு. பெயர்த் திருத்தத்துக்கு அலைவோரில் பெருந்தொகையினர் தாய்மார்தான். அவர்கள் மனம்விட்டுப் பேசக்கூடிய பெண் சட்டத்தரணி நமக்கு அவசரத் தேவை.

சந்தாப் பணத்தில் ஒரு பங்கை உயர்கல்வி நிதியாக ஒதுக்க வேண்டும் என்பது நமது யோசனை. உதவி பெறுபவர் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மாவட்டக் காரியாலயத்தில், சம்பளத்துடன், அங்கத்தவர் கோவைகளைப் பார்க்க வேண்டும். தலைவரின் உறவினரா என்று பார்க்காமல் தெரிவு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடங்காமலே விட்டுவிடலாம். தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார் தத்தம் டிவிஷனில் பட்டம் முடித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் பெயர்களை எழுதி, அடுத்த சந்தாக் கணக்குடன் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.