பந்தும் துப்பாக்கியும்

யுத்தம் நடக்கும் தேசத்தில் ஒரு சிப்பாய் தெருவிலே நின்று குழந்தைகளுக்குப் பந்து வழங்கும் படத்தை நமது நேயர்கள் பல தடவை பார்த்திருப்பார்கள். தோளிலே துப்பாக்கி, கையிலே கால்பந்து. சுற்றிலும் செருப்பில்லாத கால்கள், நீட்டிய கைகள், மலர்ந்த முகங்கள். 2001 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தானத்திலும், 2003-க்குப் பின் இராக்கிலும் இத்தகைய படங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அமெரிக்கத் துருப்புகள் 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானத்தை விட்டு வெளியேறிவிட்டன. அவர்கள் கொடுத்த பந்துகளும் கல்லிலும் முள்ளிலும் அடிபட்டு எப்பொழுதோ காற்றுப் போயிருக்கும். ஆனால் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. ஜனங்கள் வாழும் ஊர்களிலே முகாம் போட்டிருக்கும் சேனைகள் பல இன்றும் இதை ஒரு நற்கிரியையாகவே நடத்தி வருகின்றன. ஆகவே, இந்தத் தானத்தின் தன்மை யாது, இதை நாம் எவ்விதம் மதிக்க வேண்டும் என்று ஆராய்வது அவசியமாகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பந்து கொடுத்த சிப்பாயின் மீது நமக்கு எவ்விதக் குறையும் இல்லை. அவனும் ஒரு தாயின் பிள்ளை. பலருக்கு ஊரில் சொந்தக் குழந்தைகளும் உண்டு. குப்பையில் கிடந்த கந்தலைச் சுருட்டி உதைத்து விளையாடும் சிறுவர்களைக் கண்டு மனம் இளகி, தன் வீட்டாருக்கும் ஊராருக்கும் கடிதமெழுதிப் பந்துகளைத் தருவித்தவர்கள் அநேகர். கொலைத் தொழிலின் நடுவிலே இருந்துகொண்டு ஒரு குழந்தையின் முகத்தில் சிரிப்பைக் காண விரும்பிய மனிதனை நாம் பழிப்போமாயின், நமக்கே மனிதத்தன்மை இல்லையென்று ஆகும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நமது பெரியோர் வாக்கு. பந்தை வாங்கிய குழந்தை அவ்விதம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிப்பாயை அனுப்பிய சர்க்கார் அதே பந்தைத் தன் தர்மக் கணக்கில் எழுதிக்கொண்டு உலகத்தின் முன் வரும்போது, பொது ஜனங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும்.

எதிர்க்கட்சியாரின் சொந்த தஸ்தாவேஜைக் காட்டிலும் சிறந்த சாட்சியம் இல்லை என்பது வக்கீல்கள் அறிந்ததே. இராக்கில் 2003-ம் வருஷம் அமெரிக்கத் தளபதிகளின் கையில் ஒரு நிதி ஒப்படைக்கப்பட்டது. அந்தந்தப் பிரதேசத்தில் பள்ளிக்கூடத்தைச் செப்பனிடுவது, கிணறு வெட்டுவது போன்ற சிறு காரியங்களுக்குத் தளபதிகளே பணம் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. வீழ்த்தப்பட்ட சதாம் ஹுசேன் சர்க்காரிடமிருந்து பறிமுதலான பணமே அதற்கு முதன்முதலில் உபயோகமாயிற்று. இராக்கியரின் பணமே இராக்கியருக்குத் தானமாக வழங்கப்பட்டது என்று சொன்னாலும் தவறில்லை. பின்னர் ஆப்கானிஸ்தானத்துக்கும் இந்த ஏற்பாடு பரவியது. 2009-ல் அமெரிக்க ராணுவம் இவ்விஷயமாகத் தன் தளபதிகளுக்கு ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. பணத்தை ஓர் ஆயுத முறையாகக் கையாள்வது பற்றிய புத்தகம் அது என்பதை அதன் தலைப்பே கூசாமல் சொல்லிற்று. ஆயுதம் என்று கொடுப்பவர்களே பெயரிட்ட பிறகு, அதைத் தர்மம் என்று நாம் ஏன் அழைக்க வேண்டும்?

ஆயுதமென்றால் அதற்கு ஒரு குறி உண்டு. அந்தக் குறி யாதென்பது 2004-ல் வெளிப்பட்டது. தெற்கு ஆப்கானிஸ்தானத்தில் அந்நியத் துருப்புகளின் துண்டுப் பிரசுரங்கள் ஜனங்களுக்கு வழங்கப்பட்டன. உதவி தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் தாலிபான்களைப் பற்றியும் அல் கயிதாவைப் பற்றியும் தகவல் கொடுங்கள் என்பது அவற்றின் சாரம். எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் சர்வதேச வைத்திய ஸ்தாபனம் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அவ்வருஷம் ஜூன் மாதம் அந்த ஸ்தாபனத்தின் ஊழியர்கள் ஐவர் பாத்கிஸ் மாகாணத்தில் கொல்லப்பட்டனர். ஜூலையில், இருபது வருஷங்களுக்கு மேலாகத் தொண்டு புரிந்த அத்தேசத்தை விட்டு வெளியேறுவதாக அது அறிவித்தது. கொலையாளிகளின் மீது நடவடிக்கை எடுக்கப்படாததும், தாலிபான்களின் மிரட்டலும் மட்டுமன்றி, மருந்தையும் படை நடவடிக்கையையும் ஒன்றாகக் கலந்துவிட்ட குற்றத்தையும் அது காரணமாகச் சொல்லிற்று. சில வருஷங்களுக்குப் பின்னரே அது அங்கே திரும்பியது. ஆயுதம் தாங்கிய கை மருந்தும் பந்தும் கொடுக்கத் தொடங்கினால், ஆயுதம் தாங்காத கையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. இழப்பு யாருக்கு? வைத்தியரை நம்பியிருந்த ஏழை ஜனங்களுக்கே.

இனி, இதனினும் கொடிய விஷயத்துக்கு வருவோம். 2004 செப்டம்பர் 30-ந் தேதி பாக்தாத் நகரில் ஒரு கழிவுநீர் நிலையத்தின் திறப்பு விழா நடந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் வண்டிகளில் வைத்த வெடிகுண்டுகள் வெடித்தன. முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். பத்து மாதம்கூட ஆகவில்லை. 2005 ஜூலை 13-ந் தேதி அதே நகரத்தின் வேறொரு பகுதியில், மிட்டாய் வாங்கச் சிப்பாய்களைச் சூழ்ந்து நின்ற சிறுவர்களின் நடுவே ஒருவன் வெடிகுண்டு வண்டியைச் செலுத்தினான். இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர்கள்; ஓர் அமெரிக்கச் சிப்பாயும் மாண்டான்.

இந்தப் பாதகத்தின் முழுப் பொறுப்பும் குண்டு வைத்த கொலையாளிகளையே சாரும். எந்த விடுதலையின் பெயராலும், எந்த மதத்தின் பெயராலும் இதற்குச் சமாதானம் கூற இடமில்லை. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. யுத்த பூமியிலே சிப்பாய் இருக்குமிடம் எதிரியின் இலக்கு. மிட்டாயோ பந்தோ காட்டிக் குழந்தைகளை அந்த இடத்துக்கு வரவழைப்பது எவ்வளவு ஆபத்தென்பது முதல் சம்பவத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அவ்வழக்கத்தை நிறுத்தாத சேனை அதிகாரிகள் தங்கள் கடமையை நிறைவேற்றினார்கள் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

ஜனங்களைக் கேளாமல் கொடுக்கும் கொடை எப்படி முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானத்தின் கோஸ்த் மாகாணத்தில் அமெரிக்க ஹெலிகாப்டரிலிருந்து கால்பந்துகள் போடப்பட்டன. பல தேசங்களின் கொடிகள் அப்பந்துகளில் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று ஸவூதி அரேபியாவின் கொடி. அந்தக் கொடியில் அல்லாவின் நாமமும் நபிகளின் நாமமும் அடங்கிய இஸ்லாமிய மூல வாக்கியம் எழுதப்பட்டிருப்பது உலகறிந்தது. இறைவன் நாமத்தைக் காலால் உதைப்பதா என்று ஜனங்கள் கொதித்தெழுந்தனர். கண்டன ஊர்வலம் நடந்தது. ராணுவத்தார் வருத்தம் தெரிவித்தனர். கெட்ட எண்ணம் இதில் இருந்ததாக நாம் நினைக்கவில்லை. ஆனால் அவ்வூர் உபாத்தியாயர் ஒருவரிடம் ஒரு பந்தைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் விளங்கியிருக்கும். ஆகாயத்திலிருந்து கொடுப்பவனுக்குக் கீழே இருப்பவனைக் கேட்கும் வழக்கம் இருப்பதில்லை. அந்நிய ஆட்சியின் சுபாவத்தை அனுபவித்து அறிந்த நமக்கு இதைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

ஆகாயத்திலிருந்து வேறு பொருள்களும் விழுந்தன. 2001 அக்டோபர் முதல் 2002 மார்ச் வரை அமெரிக்க விமானங்கள் ஆப்கானிஸ்தானத்தின் மீது 1,228 கொத்துக் குண்டுகளைப் போட்டன. அவற்றிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் சுமார் 2,48,000. அவற்றின் நிறம் மஞ்சள். அதே காலத்தில் அதே சர்க்கார் பசித்த ஜனங்களுக்கென்று விமானங்களிலிருந்து போட்ட உணவுப் பொட்டலங்களின் நிறமும் மஞ்சள். தவறு கண்டுபிடிக்கப்பட்டு, பொட்டலங்களின் நிறத்தை நீலமாக மாற்றுவதாக அறிவித்தார்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் நாட்டில் சொல்லுவார்கள். கிள்ளிய கைக்கும் ஆட்டிய கைக்கும் ஒரே வர்ணம் பூசியதை இங்கேதான் கண்டோம்.

வெடிக்காமல் மண்ணிலே தங்கிவிட்ட குண்டுகளுக்கு யுத்தம் முடிந்தது தெரியாது. 2024 மார்ச் இறுதியில் கஜினி மாகாணத்தில் குழந்தைகள் சிலர் ஒரு பழைய கண்ணிவெடியைக் கண்டெடுத்து விளையாடினார்கள். அது வெடித்து ஒன்பது குழந்தைகள் மாண்டனர். அது ரஷ்யப் படையெடுப்புக் காலத்தது என்று அங்குள்ள அதிகாரிகள் தெரிவித்தார்கள். ரஷ்யத் துருப்புகள் வெளியேறியது 1989-ல். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் போன சேனை, அப்போது பிறந்திராத குழந்தைகளைக் கொன்றது.

இதிலிருந்தே நமது முடிவு பெறப்படுகிறது. குழந்தைக்கு முதலில் வேண்டியது பந்து அன்று; பயமின்றிக் கால் வைக்கத்தக்க மைதானம். பந்தைக் குழந்தைகளே கந்தலால் செய்துகொள்வார்கள். கண்ணிவெடியை அவர்களால் அகற்ற முடியாது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது ஷரத்து கூறுகிறது. உரிமையாயின் அது யாசகமாக வரலாகாது. குழந்தைகளைப் பராமரித்துக் கல்வியளிக்கும் ஸ்தாபனங்கள் செவ்வனே நடைபெற உதவுவது, கைப்பற்றிய தேசத்தை ஆளும் வல்லரசின் கடமை என்று 1949-ம் வருஷத்து ஜினீவா உடன்படிக்கையும் சொல்லுகிறது. படம் பிடித்துக்கொள்ளும்படி அது சொல்லவில்லை.

சேனை கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார், தொண்டர்கள் நுழைய அஞ்சும் ஊரில் சிப்பாய்தானே இருக்கிறான் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. நமது விடை இதுதான்: கொடுக்க விரும்பும் சிப்பாய் தாராளமாகக் கொடுக்கட்டும், ஆனால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரிடமோ பெரியோரிடமோ ஒப்படைத்து, அவர்கள் கையால் குழந்தைகளைச் சேரும்படி செய்யட்டும். பந்திலே கொடி வேண்டாம், பக்கத்திலே துப்பாக்கி வேண்டாம், படமும் வேண்டாம், பதிலுக்குத் தகவலும் கேட்க வேண்டாம். இந்த நான்கையும் விட்ட பிறகும் கொடுக்க மனமிருந்தால் அதுவே தர்மம். மனமில்லையென்றால், அது என்னவென்று உலகம் அறிந்துகொள்ளும்.

பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளந்துகொள்வதே நேர்மை. காஷ்மீரத்தில் நமது ராணுவம் 1998 முதல் ஸத்பாவனா என்னும் பெயரால் பள்ளிக்கூடங்களும், வைத்திய முகாம்களும், விளையாட்டுப் போட்டிகளும் நடத்தி வருகிறது. அவற்றால் பயனடைந்தோர் பலர் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், நாம் மேலே சொன்ன நிபந்தனைகள் அங்கேயும் பொருந்தும். தம் சர்க்காரின் பள்ளிக்கூடமும் மைதானமும் செய்ய வேண்டிய காரியத்தைச் சேனை செய்வது நெடுநாளைய வழக்கமாக நிலைத்துவிடுவது எந்த ஜனநாயகத்துக்கும் கௌரவமாகாது. மேலும், கண்ணிவெடிகளை ஒழிக்கும் 1997-ம் வருஷத்து உடன்படிக்கையிலும், கொத்துக் குண்டுகளை விலக்கும் 2008-ம் வருஷத்து உடன்படிக்கையிலும் அமெரிக்காவும் ரஷ்யாவும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. அஹிம்சையை உலகுக்குப் போதித்த தேசம் இவ்வரிசையில் நிற்பது நமக்கு வெட்கத்தைத் தருகிறது. எல்லைப் பாதுகாப்பு என்று சர்க்கார் சொல்லும் காரணத்தை நாம் அறிவோம். ஆனால் எல்லையோரத்து மண்ணிலும் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

ஆப்கானியர் விளையாட்டில் உயர்ந்த வரலாற்றையும் கவனிக்க வேண்டும். கிரிக்கெட்டை அவர்கள் பெரும்பாலும் கற்றது பெஷாவரைச் சுற்றிய அகதி முகாம்களில். குண்டு விழாத ஒரு துண்டு மண் கிடைத்த இடத்தில். 2017-ல் அவர்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 2018 ஜூனில் முதல் டெஸ்ட் பந்தயத்தை நமது பெங்களூரில் ஆடினார்கள். ஆனால் 2021-க்குப் பின் தாலிபான் ஆட்சி அத்தேசத்துப் பெண்களின் விளையாட்டை அடியோடு தடுத்துவிட்டது. அந்நியச் சிப்பாயின் கையிலிருந்து ஒரு காலத்தில் பந்து வாங்கிய சிறுமிகள் இன்று வளர்ந்த பெண்கள். பந்து கிடைத்தாலும் ஆட அவர்களுக்கு மைதானம் இல்லை. சேனை வந்தது, பந்து கொடுத்தது, போய்விட்டது. மண்ணிலே வெடியும் வாசலிலே பூட்டும் மிஞ்சின.

யுத்தத்தில் ஈடுபடும் வல்லரசுகள் குழந்தைகளுக்கு ஏதேனும் கொடுக்க விரும்பினால், முதலில் தாங்கள் புதைத்ததைத் தோண்டியெடுக்கட்டும், போட்டதைப் பொறுக்கியெடுக்கட்டும். அதற்கான பணத்தைத் தங்கள் ராணுவச் செலவிலேயே சேர்க்கட்டும். அந்த மைதானத்தில் பந்து எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.