சர்க்கரைக் கிண்ணத்துக்குள் மறைந்த சேரி

'அடிமை வணிகத்தை ஒழித்தது வெள்ளைக்காரன் போட்ட சட்டம்' என்று சொல்லும் நண்பர்களுக்குக் கடலூர் முதுநகர்க்காரனான என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் விற்கப்பட்ட தமிழர்களை டச்சுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிப்போன சோழமண்டலக் கரை எங்களுடையது.

சட்டம் தானாக வரவில்லை. அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா ஈக்வியானோ 1789இல் தன் வாழ்க்கையை எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1791இல் ஹைத்தி அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைப் பிரிட்டனில் பல குடும்பங்கள் புறக்கணித்தன. 1792இல் மட்டும் 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. கையெழுத்திட்டவர்கள் சுமார் 4 இலட்சம் பேர். அதன்பிறகும் 15 ஆண்டுகள் போராடித்தான் 1807இல் சட்டம் வந்தது.

அந்த மக்கள் இயக்கத்துக்கும் ஒரு கண் குருடு. அடிமைச் சர்க்கரைக்கு மாற்றாக அவர்கள் பரிந்துரைத்தது இந்தியச் சர்க்கரை. அடிமைகள் உழைப்பில் விளையாதது என்று சர்க்கரைக் கிண்ணங்களிலேயே எழுதி விற்றார்கள். அதே காலத்தில், 1819இல், தஞ்சாவூரிலும் தென்னார்க்காட்டிலும் பறையரும் பள்ளரும் பண்ணையடிமைகளாக இருப்பதைக் கலெக்டர்கள் அறிக்கையாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள்! இங்கே கப்பலும் தேவையில்லை, சங்கிலியும் தேவையில்லை. பிறப்பும் கடனும் போதும். சாதி என்ற பெயர் அடிமைத்தனத்தை மறைத்துவிட்டது.

1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கி வைத்தது. 1843இல் இங்கே வந்த சட்டமோ, அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. மிராசுதாருக்கு வலிக்காத விடுதலை! சேரிக்காக ஊரில் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

அந்த வேலையைப் பின்னர் ஒடுக்கப்பட்டவர்களே செய்தார்கள். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1969இல் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் குழுவின் அறிக்கை நாடு முழுவதும் நிலவும் தீண்டாமையை அம்பலமாக்கியது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. இன்றும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுச் செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் கிடக்கின்றன.

தோழர்களே, சட்டம் இருக்கிறது. அதை நடக்கவைக்கும் கூட்டம்தான் இல்லை. நம் தேநீரில் கரையும் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டியவர் யார், எவ்வளவு முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வெட்டினார் என்று ஊரறியக் கேட்போம். சாதியின் பெயரைச் சொல்லியே கேட்போம்.