நன்றி சொல்ல மறந்த பேனா

சென்ற ஆண்டு கடலோர ஊர் ஒன்றின் பழைய வீட்டில் நாங்கள் பதினொருவர் மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். எழுதுவதற்கென்றே ஏற்படுத்திக்கொண்ட தனிமை அது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் லுஹர் வரை அவரவர் மூலையில் அவரவர் எழுத்து. அஸருக்குப் பின் முற்றத்தில் கூடி எழுதியதை வாசிப்போம். இரவில் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் நால்வராக அமர்ந்து உண்போம். அல்ஹம்துலில்லாஹ், மறக்கவியலாத நாட்கள்.

இரண்டாம் நாள் எங்களுள் மூத்தவர் ஒருவர் தம் சிறுகதையை வாசித்தார். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு வாப்பாவின் கதை. முடிவு மட்டும் கூடிவரவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அனைவரிலும் இளையவளான கல்லூரி மாணவி, "சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவதா, தள்ளித் திறப்பதா என்று தெரியாமல் அவர் நிற்பதோடு முடித்துவிடலாமே" என்று தயங்கியவாறு சொன்னாள். முற்றம் அமைதியாயிற்று. கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது.

சில மாதங்களில் அந்நாட்களின் ஆக்கங்களை நூலாக வெளியிட்டோம். முன்னுரையில் அல்லாஹ்வுக்கு நன்றி கூறினோம். வீடு தந்தவருக்கும் அச்சுச் செலவை ஏற்றவருக்கும் நன்றி கூறினோம். அம்மாணவியின் பெயர் நூலில் எங்கும் இல்லை. அவளது ஆக்கம் முற்றுப்பெறாததால் இடம்பெறவில்லை. அவள் தந்த முடிவோ இன்னொருவர் பெயரில் அச்சேறியிருந்தது. மூன்று நாட்களும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்களின் பெயர்களும் இல்லை. அவற்றை நாங்கள் கேட்டறிந்திருக்கவே இல்லை. கதையின் முடிவைப் பலரும் பாராட்டியபோது அம்மூத்தவரே எங்களை அழைத்து, "இந்தப் புகழ் என்னுடையதன்று, எனக்கு உறுத்துகிறது" என்றார். அதன் பின்னரே எங்களுக்கு உறைத்தது.

நன்றி செலுத்தினால் மேலும் வழங்குவதாக இறைவன் வாக்களிப்பதை இப்ராஹீம் அத்தியாயத்தின் 7 ஆம் வசனத்தில் ஓதுகிறோம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. முன்னதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம், பின்னதில் தவறிவிடுகிறோம். "எல்லாம் அல்லாஹ்வின் அருள்" என்பது உண்மையான சொல். ஆனால், அந்த அருளை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த மனிதரைக் கடந்து செல்வதற்கு அச்சொல்லே சாக்காகிவிடக் கூடாது.

நம் மரபு இதில் நமக்கு நல்ல வழிகாட்டி. ஹதீஸ் நூல்களில் நபிமொழிக்கு முன்னால் அதை அறிவித்தவர்களின் தொடர் நிற்கிறது. செய்தியின் நம்பகத்தை நிறுவுவதே அதன் நோக்கம். எனினும், "இது எனக்கு இன்னாரிடமிருந்து வந்தது" என்று ஒப்புக்கொள்ளும் பண்பும் அதனுள் அடங்கியிருக்கிறது. அதனால் இமாம் புகாரீயின் மதிப்பு குறைந்ததா?

சீறாப்புராணத்தையே பாருங்கள். 3 காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்ட அக்காவியத்தைப் பாடியவர் உமறுப் புலவர். தூண்டியவர் வள்ளல் சீதக்காதி. வரலாற்றுச் செய்திகளைப் பெறத் துணைநின்றவர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா என்பது மரபு. வள்ளலின் மறைவுக்குப் பின் ஆதரித்தவர் அபுல்காசிம் மரைக்காயர். அவரைப் புலவர் தம் காவியத்துக்குள்ளேயே போற்றியுள்ளார். 1842 இல் அதை அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். ஒரு காவியத்துக்குப் பின்னால் எத்தனை கைகள்!

பெயரைக் குறிப்பிட்டால் உதவியவரின் இக்லாஸ் கெட்டுவிடாதா என்று சிலர் கேட்கின்றனர். நன்றியை எதிர்பாராதிருப்பது கொடுத்தவரின் கடமை. அதைச் செலுத்துவது பெற்றவரின் கடமை. அவரது கடமையைக் காட்டி நம்முடையதிலிருந்து நாம் தப்பிக்கொள்ள முடியாது. அவர் விரும்பவில்லையெனில் பெயரை விட்டுவிடலாம். அதற்கும் முதலில் அவரைக் கேட்க வேண்டுமல்லவா?

எழுதியவரின் உழைப்பு எழுதியவருக்கே உரியது, அதில் ஐயமில்லை. கதவுக்கு முன் ஒரு மனிதரை நிறுத்தச் சொன்னவள் அம்மாணவி. அம்மனிதரை அதுவரை நடத்தி வந்தவர் அம்மூத்தவர். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

எஞ்சியிருந்த பிரதிகளில் அவளது ஒப்புதலுடன் நன்றித் தாள் ஒன்றை ஒட்டினோம். சமைத்த பெண்களின் பெயர்களையும் கேட்டறிந்து சேர்த்தோம். ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளை எங்களால் திருத்த இயலவில்லை. அந்த வருத்தம் எங்களிடம் இருக்கிறது. இனிக் கூடும்போது முற்றத்தில் ஒரு குறிப்பேடு இருக்கும். யாருடைய சொல் யாருக்கு உதவியது என்பதை அன்றன்றே எழுதி வைப்போம்.

எழுதுவோருக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. மேடையில் நாம் ஆற்றும் உரையை முந்தைய இரவு கேட்டுத் திருத்தம் சொன்ன மனைவி, நம் கட்டுரையைக் கணினியில் தட்டச்சு செய்து தந்த மகன், நமக்கு முதல் கதையைச் சொன்ன உம்மம்மா என ஒவ்வொரு வீட்டிலும் பெயர் சொல்லப்படாதவர்கள் இருக்கிறார்கள். இன்றே அவர்களிடம் "ஜஸாக்கல்லாஹு கைரன்" என்று சொல்வோம். பிறர் முன்னிலையிலும் சொல்வோம்.

நம் சொற்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அச்சொற்களுக்குத் துணைநின்ற ஒவ்வொருவருக்கும் நிறைவான கூலியை வழங்குவானாக. ஆமீன்.